கூத்து தொடங்கவே பத்து மணி ஆகிவிடுமே!

ஆசிரியருக்கு,

சித்திரை பிறந்ததும் செய்யாறு, வந்தவாசி வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் எனும் மகாபாரதத் திருவிழா களைகட்டிவிடும். பகலில் பிரசங்கியார் சொல்லும் கதை இரவில் தெருக்கூத்தாக விடிய விடிய நடக்கும். அர்ச்சுனன் தபசு அன்று மரத்தின் மேலிருந்து வேடக்காரர் வீசும் எலுமிச்சைக்குப் பிள்ளை வரம் கேட்டு மடியேந்தி நிற்பார்கள் பெண்கள். கடைசி நாள் துரியோதனன் போரில் வீழும் படுகளம், தீமிதி.

இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. கூத்து தொடங்கவே பத்தாகிவிடும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வாயை அவ்வளவு சீக்கிரம் மூட முடியுமா? விழாக் காலத்தில் ஆண்டுக்கு 15 நாட்கள் வரை நள்ளிரவு 12 மணி வரை தளர்த்த அதே விதி மாநில அரசுக்கு இடம் தருகிறது. அதில் பாரத நாட்களையும் சேர்க்கட்டும். பன்னிரண்டுக்கு மேல் மைக் வேண்டாம், முகவீணையும் மிருதங்கமும் போதும். ஊர்வாரியாகக் கூத்துத் தேதிகளைத் தங்கள் நாளிதழ் வெளியிட்டால் நல்லது.

– வாசகர், செய்யாறு