தூத்துக்குடி இறங்கிப் போகிற ஊர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தென்மாவட்டச் சுற்றுலாக் கட்டுரையை வாசித்தேன். "தூத்துக்குடியில் ரயிலை விட்டு இறங்கியதும் மக்ரூன் வாங்கிக்கொண்டு திருச்செந்தூருக்குக் கிளம்பிவிடுங்கள், ஊருக்குள் தங்கிப் பார்க்க ஒன்றுமில்லை" என்று அதில் ஒரு வரி. எழுதியவர் அவசரத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்து ஊர்கள் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. தங்கள் கண்ணில் பட்டும் அந்த வரி அப்படியே அச்சேறியதுதான் எனக்கு மனத்தாங்கல்.

நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டுக்கு வருகிற சொந்தபந்தங்களை எல்லாம் சுற்றிக் காட்டிக் காட்டியே இந்த மாவட்டத்தின் சாலைகள் எனக்கு மனப்பாடம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தென்கோடியைப் பார்க்க வருகிறவர்கள் பெட்டியை இறக்கி வைக்க வேண்டிய ஊரே தூத்துக்குடிதான். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு எந்தப் பக்கம் கிளம்பினாலும் இரவு பரோட்டாவுக்கு ஊர் திரும்பிவிடலாம். தெற்கே போனால் முக்காணியில் தாமிரபரணியைத் தாண்டி, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்துக்கொண்டே காயல்பட்டினம், திருச்செந்தூர், குலசை என்கிற குலசேகரன்பட்டினம், மணப்பாடு. மணல்மேட்டின் மேல் 1581-இல் எழுந்த சிலுவைக் கோவில், கீழே புனித சவேரியார் தங்கிய குகை, சுற்றிலும் கடல். வடக்கே பாஞ்சாலங்குறிச்சியையும் வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரத்தையும் ஒரே காலையில் முடித்துவிடலாம். இன்னொரு நாள் எப்போதும்வென்றான் வழியாக எட்டயபுரம். பாரதி பிறந்த வீட்டைப் பார்க்கிறவர்கள் அதே ஊரில் முத்துசுவாமி தீட்சிதர் சமாதி இருப்பது தெரியாமலே திரும்பிவிடுகிறார்கள். உங்கள் கட்டுரையிலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மேற்கே ஆதிச்சநல்லூர். அங்கே செம்மண் பரம்பில், பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த தாழிகளைத் தோண்டிய குழியிலேயே விட்டுவைத்து மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த என் மைத்துனர் மகள் அந்தக் கண்ணாடி மேல் குனிந்தவள் எழுந்திருக்கவே இல்லை. உடைந்த தாழியும் சின்னச் சட்டிகளும் மண்ணோடு மண்ணாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அங்கிருந்து ஆழ்வார்திருநகரிக்குப் போய் நம்மாழ்வார் தங்கியிருந்த உறங்காப்புளி என்கிற புளியமரத்தையும் பார்த்துவிட்டு, வெயில் தாழ வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இதே மைத்துனர் குடும்பம் முதல் தடவை வந்தபோது, உங்கள் இதழின் பழைய கட்டுரை ஒன்றை நம்பித் திருச்செந்தூரில்தான் அறை எடுத்தார்கள். அது சஷ்டி சமயம். தெரு கொள்ளாத கூட்டம். கிடைத்த அறைக்குச் சொன்ன வாடகையைக் கொடுத்தார்கள். எட்டயபுரம் போகத் தூத்துக்குடி வந்துதான் போக வேண்டியிருந்தது, திரும்பும்போதும் அப்படியே. வழியெல்லாம் குழந்தைகள் தூங்கிப் போனார்கள். முருகனைத் தரிசிக்கப் போவது வேறு, அங்கேயே தங்கிக்கொண்டு ஊர் சுற்றுவது வேறு.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெல்லையிலிருந்து எங்கள் மாவட்டம் பிரிந்தது 1986-இல். இன்றுவரை உங்கள் இதழில் திருச்செந்தூரும் ஆதிச்சநல்லூரும் கழுகுமலையும் "நெல்லை மாவட்டத்தில்" என்றே வருகின்றன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, ஶ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக் கிடந்தபோதும் உங்கள் தலைப்பு "நெல்லை வெள்ளம்" என்றுதான் இருந்தது. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்ற நாட்கள் அவை. அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். அதை நீங்கள் வெளியிடவில்லை, பதிலும் இல்லை. வெளியிடாதது உங்கள் உரிமை. ஆனால் இத்தனை வருடங்களாகச் சந்தா கட்டுகிறவனுக்கு ஒரு தபால் அட்டையாவது போட்டிருக்கலாம்.

எங்கள் ஊரைப் பற்றி எப்போது எழுதினாலும் ஓர் உப்பளப் படம், இல்லையென்றால் புகைபோக்கி. 1713-இல் கட்டிய பனிமய மாதா கோவிலை, 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய துறையை, மாலை நேரத்துக் கடற்கரைச் சாலையை ஒரு நாளும் போட்டதில்லை. ராத்திரி பரோட்டாக் கடையை நாங்கள் நைட் கிளப் என்கிறோம். கல்லில் எண்ணெயை ஊற்றி, அதிலேயே பரோட்டாவை மொறுமொறுவென்று பொரித்து எடுத்து, வாழை இலையில் நொறுக்கிப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றுவார்கள். அதைச் சாப்பிடவாவது ஒரு ராத்திரி தங்கச் சொல்லியிருக்கலாமே.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் வாதாடவில்லை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு நேர் ரயில் கிடையாது. அந்தப் பாதை திருநெல்வேலியிலிருந்துதான் போகிறது. உங்கள் கட்டுரையோடு வந்த வரைபடத்திலோ தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே தண்டவாளம் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறவர், அடுத்த ரயில் எந்த பிளாட்பாரம் என்று கேட்டுக்கொண்டு நிற்பார். ஊருக்குள் பழைய பஸ் ஸ்டாண்ட், புது பஸ் ஸ்டாண்ட் என்று இரண்டு இருப்பதும் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. தப்பான இடத்தில் காத்திருந்து, கடைசியில் ஆட்டோ பிடிக்கிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அதனால் தங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த இதழில் அந்த ரயில் பாதையைத் திருத்தி வரைபடத்தை மறுபடி போடுங்கள். அதன் பக்கத்திலேயே எந்த ஊருக்கு எந்த பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏற வேண்டும், திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சின்னதாக ஒரு கட்டம் போடுங்கள். நேரங்களை டிப்போவில் கேட்டு எழுதி அனுப்ப நான் தயார். பக்கம் இல்லையென்றால் கால் பத்தி போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தூத்துக்குடி.