கட்ஆஃப் ஒன்று, தொடக்கம் வேறு

ஆசிரியருக்கு,

வணக்கம். பொறியியல் கலந்தாய்வு வந்தாலே எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, கட்ஆஃப் எவ்வளவு என்றுதான் பேச்சு. சீட் கிடைத்த பிறகு முதல் செமஸ்டரில் நடப்பதை யாரும் எழுதுவதில்லை. முதலாமாண்டுக்கு புரோகிராமிங் நடத்துகிறவன் என்ற முறையில் நான் எழுதுகிறேன்.

200-க்குக் கணக்கிடும் கட்ஆஃபில் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டுமே உண்டு. நாலாவது பாடமாகக் கணினி அறிவியல் எடுத்தவரும் உயிரியல் எடுத்தவரும் ஒரே வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். முதலாமவர் மாநிலப் பாடத்திட்டத்திலேயே பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று இரண்டு புரோகிராமிங் மொழிகளைப் பார்த்துவிட்டு வருகிறார். மற்றவருக்கு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ‘ஃபார் லூப்’ என்ற பெயரே புதிது. நான் கேள்வியை முடிப்பதற்குள் நாலைந்து பேர் பதில் சொல்லிவிடுவார்கள். ‘எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் மண்டையில ஏறல’ என்று உயிரியல் பிள்ளை முடிவு கட்டிவிடும். பேசாமல் இருக்கும் மீதிப் பேரும் தன்னைப் போலத்தான் என்பது அதற்கு எப்படித் தெரியும்? இரண்டு வருடப் பழக்கம் திறமையாகத் தெரிகிறது. ஆசிரியர்களிலும் சிலர், ‘இதெல்லாம் பிளஸ் டூவிலேயே படிச்சிருப்பீங்க’ என்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தெரிந்து வந்தவர்களுக்கும் இதில் நஷ்டம் உண்டு. தெரிந்ததுதானே என்று முதல் செமஸ்டரை ஓட்டிவிட்டு, பிறகு டேட்டா ஸ்ட்ரக்சர் (தகவல்களை ஒழுங்காக அடுக்கி வைக்கும் முறைகள்) பாடம் வரும்போது முழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவிலுள்ள ஹார்வி மட் கல்லூரி, தொடக்க வகுப்பையே முன் அனுபவத்தைப் பார்த்து இரண்டாகப் பிரித்தது. புதியவர்கள் ‘கோல்டு’, ஓரளவு தெரிந்தவர்கள் ‘பிளாக்’. இரண்டுமே கல்லூரியின் வண்ணங்கள். வகுப்பில் தான் மட்டுமே பேசிக்கொண்டிருக்கும் மாணவரை ஆசிரியர் தனியாக அழைத்து, மீதியை வகுப்புக்குப் பிறகு பேசலாம் என்று இதமாகச் சொல்வார். சில ஆண்டுகளில் அங்கே கணினி அறிவியலைத் தேர்ந்தெடுத்தவர்களில் பெண்களின் பங்கு சுமார் 10 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் அளவுக்கு உயர்ந்தது. வேறு மாற்றங்களும் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனாலும் வகுப்பைப் பிரித்ததற்குப் பெரிய பங்கு இருந்தது என்றே நினைக்கிறேன்.

நம் கல்லூரிகளில் லேபுக்கு எப்படியும் ரோல் நம்பர் வரிசையில் இரண்டு பேட்ச் பிரிக்கிறோம். அதையே பிளஸ் டூவில் என்ன குரூப் என்று கேட்டுப் பிரித்தால் ஒரு ரூபாய் கூடுதல் செலவு கிடையாது. முதல் செமஸ்டருக்கு மட்டும் போதும். சிலபஸும் தேர்வும் இரண்டு பேட்சுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். ‘சுமார் பேட்ச்’ என்ற பட்டப்பெயர் மட்டும் வந்துவிடாமல் துறைத்தலைவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்