மாலை ஆங்கில வகுப்பில் நடிகர் பேரி எவன்ஸின் படம் வைக்க அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
மாலை நேர ஆங்கில வகுப்பின் பழைய மாணவர்கள்,
லண்டன்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
வயது வந்தோர் கல்விப் பிரிவு,
கவுன்சில் அலுவலகம், லண்டன்.

பொருள்: வகுப்பறைச் சுவரில் ஒரு படம் மாட்டவும், ஒரு மாலைக்கு மண்டபத்தைத் தரவும் வேண்டுதல்.

மதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில வகுப்புக்காகக் கொடுக்கும் மனுவைத் தமிழில் எழுதியிருக்கிறானே என்று நீங்கள் சிரிக்கக்கூடும். கவுன்சில் வரிக் கடிதத்தின் பின்பக்கத்தில், உங்கள் மொழியிலும் எங்களுக்கு எழுதலாம் என்று பல மொழிகளில் அச்சடித்திருக்கிறது. அதில் தமிழும் இருக்கிறது. அதை நம்பித்தான் எழுதுகிறேன். என் ஆங்கிலம் நான் ஓட்டும் மினிகேபில், அதாவது வாடகைக் காரில், ஏறுகிறவர்களோடு கதைக்கக் காணும். மனு எழுதக் காணாது.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. உங்கள் பொறுப்பில் இருக்கும் மாலை வகுப்புக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், இசோல் வகுப்பு, அதாவது பிறமொழிக்காரருக்கான ஆங்கில வகுப்பு, நடக்கும் அறைச் சுவரில், நடிகர் பேரி எவன்ஸின் படம் ஒன்றை மாட்ட வேண்டும். அவர் ஆங்கில வாத்தியாராக நடித்த 'மைன்ட் யுவர் லாங்குவேஜ்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் முதல் பகுதி 1977 டிசம்பர் 30ஆம் தேதி ஒளிபரப்பானது. 2027 டிசம்பரில் அதற்கு ஐம்பது வயது. அதையொட்டி ஒரு மாலை மண்டபத்தைத் தந்தால், அந்த முதல் பகுதியைப் போட்டுப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம்.

போன வருடம் இதையே நேரில் போய்க் கேட்டோம். வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் கணினியில் தொடரின் பெயரைத் தட்டி, இரண்டு வரி வாசித்தார். "இது வெளிநாட்டுக்காரரைக் கேலி செய்யும் நாடகமாம், இங்கே சரிவராது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அதைப் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்திருக்கிறோம், அதுவும் அந்த வெளிநாட்டுக்காரராகவே இருந்து பார்த்திருக்கிறோம். அதனால்தான் இந்த மனு கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பேரி எவன்ஸை முதலில் பார்த்தது லண்டனில் இல்லை, இலங்கையில் கம்பளையில். 1980களில், மாமாவின் சாமான் கடைக்குப் பின்னால் இருந்த அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் தயாரித்த அந்தத் தொடரை இலங்கை, பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா என்று பல நாடுகளுக்கு விற்றிருந்தார்கள். எங்களில் யாருக்கும் ஆங்கிலம் ஒழுங்காக விளங்காது. மாமாவுக்கு அரைகுறையாக விளங்கும், அதனால் அவர் எங்களுக்கு முன்பே சிரித்துவிடுவார். அவர் சிரிப்பதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். தொடரில் தலைப்பாகை கட்டிய மாணவர் ரஞ்சித் சிங் வந்துவிட்டால் கடைப் பையன்கூடத் தராசை விட்டுவிட்டு ஓடி வருவான். ஏனென்றால் அந்தப் பஞ்சாபிக்காரராக நடித்த ஆல்பர்ட் மோசஸ் கம்பளையில் பிறந்தவர். கையைக் குவித்து "தவுசண்ட் அபாலஜீஸ்" என்று அவர் சொல்லும்போது, தன் வீட்டு ஆள் லண்டனில் பேசுவதுபோல மாமா நிமிர்ந்து உட்காருவார். மோசஸ் பிறகு 'ஆக்டோபுசி' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்திலும் வந்தார். மாமாவைப் பொறுத்தவரை அது இரண்டாம்பட்சம்.

நீங்களும் பார்த்திராவிட்டால், கதை இதுதான். லண்டனில் ஒரு மாலைப் பள்ளி. தலைமை ஆசிரியை மிஸ் கோர்ட்னிக்கு ஆண் வாத்தியார் வருவதே பிடிக்காது. ஜெரமி பிரவுன் என்ற இளைஞரை, அதாவது பேரி எவன்ஸை, ஒரு மாதம் பார்க்கிறேன் என்று அரைமனதோடு எடுக்கிறார். வகுப்பில் லாகூர்க்காரர் அலி நதீம், இத்தாலியச் சமையல்காரர் ஜியோவான்னி, கிரேக்கர் மாக்ஸ், எதைக் கேட்டாலும் "போர் ஃபவோர்?" என்று விழிக்கும் ஸ்பெயின்காரர் ஹுவான், சொல்லுக்குச் சொல் ஓகாரம் சேர்க்கும் ஜப்பானியர் தாரோ, மாவோவின் புத்தகத்தோடு சூ-லீ, எந்நேரமும் கம்பளி பின்னும் ஜமீலா. அலி 'எக்ஸ்கியூஸ் மீ' என்று சொல்ல வந்து 'ஸ்க்வீஸ் மீ' என்பார். ரஞ்சித்தும் அலியும் சண்டைக்குப் போவார்கள், பிரவுன் நடுவில் நின்று பிரித்துவிடுவார். இப்படித்தான் ஒவ்வொரு வாரமும்.

இதில் கேலி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது. நாட்டுக்கு ஒரு அச்சு என்று வார்த்து வைத்திருந்தார்கள். இன்று சில இடங்களில் எனக்கே முகம் சுளிக்கிறது, என் மகள் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டாள். ஒரு கோடியே எண்பது லட்சம் பேர்வரை பார்த்தார்கள் என்று சொல்லப்பட்ட தொடரை, அந்த வார்ப்பு தவறு என்று கருதித்தான் அதைத் தயாரித்த நிறுவனத்தின் மைக்கேல் கிரேட் 1979இல் நிறுத்தினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆகவே மனு தொடருக்காக இல்லை, அதில் கரும்பலகைக்கு முன்னால் நின்ற அந்த ஒருவருக்காக.

அவர் செய்ததைக் கவனித்துப் பாருங்கள். பகிடி எல்லாம் மாணவர்களுக்கு, சிரிப்பும் அவர்களுக்கே. பேரி எவன்ஸுக்குக் கிடைத்தது கேள்வி கேட்கும் வேலை மட்டும். ஒருவர் தப்பாகச் சொல்வார். இவர் கண்ணை ஒரு நொடி மூடித் திறப்பார். வாய் எதையோ சொல்ல வரும், விழுங்கிக்கொள்வார். பிறகு முதலிலிருந்து, இன்னும் கொஞ்சம் மெதுவாக, அதே வாக்கியத்தைத் தொடங்குவார். எரிச்சல் வரும், தலையைப் பிடித்துக்கொள்வார், ஆனால் "உனக்கு வராது" என்கிற பார்வை அவர் முகத்தில் வராது. மற்ற எல்லோரும் உரக்க நடிக்கும் ஒரு நாடகத்தில், காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்பது லேசான நடிப்பா என்ன? அவர் மட்டும் மாணவர்களைப் பார்த்துச் சிரித்திருந்தால், உங்கள் அலுவலக இளைஞர் சொன்னது முழுக்கச் சரியாகியிருக்கும்.

இதை நான் கம்பளையில் விளங்கிக்கொள்ளவில்லை. 1996இல் இந்த நாட்டுக்கு வந்து, ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டு, வாரத்தில் இரண்டு மாலை உங்கள் வகுப்புக்கு வந்தபோதுதான் விளங்கியது. முதல் நாள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஆசிரியை ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார். என் முறை வந்ததும் எழுந்து நின்று "ஐ ஆம் எ கிச்சன்" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்குப் பின்னால் இருந்த சோமாலியத் தம்பி மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான். ஆசிரியை சிரிக்கவில்லை. பலகையில் ஒரு சதுரம் வரைந்தார், அதற்குள் ஒரு அடுப்பு, பக்கத்தில் குச்சிக் கைகளோடு ஒரு ஆள். சதுரத்தைத் தொட்டு "கிச்சன்" என்றார். ஆளைத் தொட்டு என் பெயரைச் சொன்னார். என் பெயரை அவரும் தப்பாகத்தான் சொன்னார், அது வேறு விஷயம். நான் உட்கார்ந்தபோது ஞாபகம் வந்தது மிஸ்டர் பிரவுனின் முகம்.

இனி அவருடைய வாழ்க்கை. 1943இல் கில்ட்ஃபோர்டில் பிறந்தார். பெற்றோர் இல்லாமல் அநாதை இல்லப் பள்ளிகளில் வளர்ந்தார். உதவித்தொகை பெற்று, லண்டன் சென்ட்ரல் நாடகப் பள்ளியில் படித்தார். 1960களின் கடைசியில் சினிமாவில் கதாநாயகன், 1969இல் 'டாக்டர் இன் த ஹவுஸ்' தொடரில் மருத்துவ மாணவன். எல்லாம் பொடியன் வேடங்கள். மிஸ்டர் பிரவுனாக வந்தபோது அவருக்கு 34 வயது, பார்த்தால் இருபத்தைந்துதான் சொல்லலாம். அந்த முகமே பிறகு அவருக்கு எதிரியாகிவிட்டது என்று நினைக்கிறேன். நடுவயது ஆளின் வேடத்துக்கு அவரை யார் கூப்பிடுவார்கள்? 1980களின் நடுவில் தொடரை வேறொரு நிறுவனம் மறுபடி எடுத்தபோது கையில் வேலை இல்லாமல் இருந்தார், கூப்பிட்டதும் வந்தார். அந்தப் 13 பகுதிகளும் நாடு முழுக்க ஒளிபரப்பாகவில்லை.

அதற்குப் பிறகு லெஸ்டர்ஷயரில் வாடகைக் கார் ஓட்டினார்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு விடியற்காலை ஹீத்ரோவில், தாமதமாக வரும் விமானத்துக்காகக் காரில் காத்திருக்கும்போது. தூக்கம் வராமலிருக்கக் கைபேசியில் பழைய பகுதி ஒன்றைப் பார்த்துவிட்டு, இவர் இப்போது எங்கே இருப்பார் என்று தேடினேன். 1997 பிப்ரவரியில் இறந்துவிட்டார் என்று இருந்தது. வயது 53. களவுபோன அவருடைய கார் கிடைத்துவிட்டது என்று சொல்லப் பொலிஸ்காரர்கள் கிளேபுரூக் மாக்னா கிராமத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். உள்ளே அவர் இறந்து கிடந்தார். எப்படி இறந்தார் என்று மரண விசாரணையில் முடிவாகவில்லை. அந்த பிப்ரவரியில் நான் இதே நாட்டில், இதே கட்டடத்தில், ஆங்கில இலக்கணத்தில் கடந்தகாலம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆசிரியை அவரைப் பற்றி அந்த வாரம் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் எனக்கு அப்போது விளங்கியிருக்காது.

வகுப்பில் என்னோடு படித்த ஆண்களில் பாதிப் பேர் இன்று கார் ஓட்டுகிறோம். வாத்தியாரும் கடைசியில் எங்கள் தொழிலுக்குத்தான் வந்தார் என்று நான் சொன்னபோது, இரவு நேரத்துத் தேநீர்க்கடையில் ஒருவரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு அந்தச் சோமாலியத் தம்பி, இப்போது அவனுக்கும் தாடி நரைத்துவிட்டது, "அப்படியென்றால் படம் வைக்கத்தான் வேணும்" என்றான். இந்த மனு அங்கே தொடங்கியது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். படம் கரும்பலகைக்கு முன்னால் அவர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். அதற்கான உரிமைத் தொகை, படச்சட்டம், ஆணி எல்லாம் எங்கள் செலவு. கீழே 'பேரி எவன்ஸ், 1943–1997, நடிகர், மிஸ்டர் பிரவுனாக நடித்தவர்' என்று முதல் நிலை மாணவரும் வாசிக்கக்கூடிய ஆங்கிலத்தில் ஒரு வரி போதும். தொடரில் உள்ள குறையைப் பற்றியும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று உங்கள் அலுவலகம் நினைத்தால் எங்களுக்கு மறுப்பில்லை, ஆனால் அது முதல் வரியைவிடப் பெரிய எழுத்தில் வேண்டாம்.

2027 டிசம்பர் 30 வியாழக்கிழமை. நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் நடுவில் கட்டடம் பூட்டியிருக்கும், தெரியும். அதனால் விடுமுறைக்கு முந்திய கடைசி வகுப்பு மாலையைத் தந்தால் போதும், ஆறரை மணிமுதல் ஒன்பதுவரை. பொது இடத்தில் போட்டுக் காட்டுவதற்கு உரிமம் எடுக்க வேண்டும் என்பதும் தெரியும். அதற்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். தொகை எவ்வளவு, யாரிடம் விண்ணப்பிப்பது என்பதை மட்டும் உங்கள் அலுவலகம் சொல்லித் தந்தால் பெரிய உதவி. கதிரைகளை நாங்களே அடுக்கி, நாங்களே எடுத்து வைப்போம். இப்போது படிக்கும் மாணவர்கள் வந்தால் சந்தோஷம். பார்த்துவிட்டு அவர்கள் திட்டினாலும் சரி, ஆங்கிலத்தில் திட்டட்டும்.

கையெழுத்துகளை அடுத்த தாளில் இணைத்திருக்கிறோம். இருபத்துமூன்று பேர். சிலர் தங்கள் எழுத்திலேயே போட்டிருக்கிறார்கள், தமிழ், வங்காளம், தாரி, அம்ஹாரிக் என்று. செல்லுமா என்று சொல்லவும், இல்லாவிட்டால் மறுபடி வாங்கித் தருகிறோம். நான் இரவில் ஓடுகிறவன், ஆகையால் தொலைபேசியில் கூப்பிடுவதென்றால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு கூப்பிட வேண்டும்.

பதினேழாவது கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒருவர் 'தவுசண்ட் அபாலஜீஸ்' என்று எழுதிவைத்திருக்கிறார். அழிக்கச் சொன்னேன், கேட்கவில்லை.

இப்படிக்கு,
பழைய மாணவர்கள் சார்பில்,
கையெழுத்து வரிசையில் முதலாமவன்.