அழித்த எண்

அன்பு மகனுக்கு,

அப்பாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இரண்டு மாதங்களுக்கு முன் நீ அனுப்பிய ஒற்றை வரியே மனத்தை விட்டு அகலவில்லை: "ஆரம் இப்போது கோட்பாட்டோடு பொருந்திவிட்டது." அதற்கு முந்தைய கடிதத்தில், அந்தச் சிறிய விண்மீனின் ஆரம் கோட்பாடு சொல்வதைவிட 5 சதவீதம் மிகுதியாக வருகிறது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். எப்படிப் பொருந்தியது என்பதை எழுதவில்லை. பிறகு எதுவுமே எழுதவில்லை.

சூரியனைப் போன்ற விண்மீனின் பிரகாசத்தில் மூழ்கிக் கண்ணுக்கே தெரியாத ஒரு சிறு விண்மீனை, அது முன்னே கடக்கும்போது குறையும் ஒளியைக் கொண்டும், அதன் இழுப்பில் பெரிய விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் அசையும் வேகத்தைக் கொண்டும் என் மகன் அளக்கிறான் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி வருகிறேன். சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு ஆரமுள்ள துணை விண்மீன் முன்னே கடந்தால் ஏறத்தாழ 4 சதவீத ஒளி குறையும் என்று நீதான் விளக்கினாய். ஆனால் அந்தக் குறைவு தருவது விகிதத்தை மட்டுமே. பெரியதன் ஆரத்தை மிகுதியாக எடுத்துக்கொண்டால் சிறியதும் கூடவே பெருத்துவிடும். அதைச் சரிபார். பெரியதன் முகத்தில் உள்ள கரும்புள்ளிகள் மறைப்பை ஆழமாக்கிக் காட்டுகின்றனவா என்றும் பார். இவற்றில் ஒன்றால் பொருந்தியிருந்தால் எனக்கு மகிழ்ச்சியே.

சரிபார்த்த பின்னும் 5 நின்றால், நிற்கட்டும். இத்தகைய சிறு விண்மீன்கள் பல, கோட்பாட்டைவிடச் சில சதவீதம் பெருத்திருப்பதை மற்றவர்களும் கண்டிருக்கிறார்கள். விண்மீனின் உள்ளே சூடான வாயு மேலெழுந்து வெப்பத்தைக் கொண்டுசெல்லும் வெப்பச்சலனத்தைக் காந்தப்புலம் தடுப்பது காரணமாகலாம் என்கிறார்கள். 2017-இல் 7 கோள்கள் அறிவிக்கப்பட்ட டிராப்பிஸ்ட்-1 என்ற சிறு விண்மீன் போன்றவற்றில், விண்மீனின் ஆரத்தைக் கொண்டுதான் கோளின் ஆரத்தையே கணக்கிடுகிறார்கள்; அது தவறினால் இதுவும் தவறும். கணக்கைச் சரிபார், மறுபடியும் சரிபார்; எண்ணை மட்டும் திருத்தாதே.

இதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பெரியதன் நிறை தெரியாமலேயே சிறியதன் பரப்பிலுள்ள ஈர்ப்பு முடுக்கம் கிடைத்துவிடும் என்று நீ எழுதியதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் பள்ளிச் செய்முறைக்காக நாம் ஊசல் கட்டி அளந்ததும் ஈர்ப்பு முடுக்கத்தைத்தான். 9.3 வந்தது. இயற்பியல் ஆசிரியையான நான்தான் அதை அழித்து 9.8 என்று எழுதச் சொன்னேன். ஏன் குறைகிறது என்று கேட்டாய், நேரமாகிவிட்டது என்றேன்.

நேற்று அந்த ஏட்டை எடுத்துப் பார்த்தேன். அழித்த இடத்தில் 9.3 இன்னும் தெரிகிறது. நீளம் 40 செ.மீ. என்று எழுதியிருக்கிறாய், நூலை மட்டும் அளந்து, குண்டின் நடுவரை அளக்காமல் விட்டிருக்கிறோம். குண்டின் ஆரமான 2 செ.மீ.-ஐச் சேர்த்துப் போட்டேன், 9.8 வருகிறது. ஐந்து நிமிட வேலை. அன்று அதைத் தேட நான் உன்னை விடவில்லை.

முதலில் வந்த எண்ணையும், இப்போதுள்ள எண்ணையும், நடுவில் எதை மாற்றினாய் என்பதையும் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா