கற்சிலைமடுக் கல்லில் இல்லாத ஆவணி மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்பவன். என் படிப்பு சாதாரண தரத்தோடு நின்றுவிட்டது. இளைய மகள் உயர்தரத்தில் வரலாறு படிக்கிறாள். இரவில் சத்தமாக வாசித்துத்தான் படிப்பாள், நான் திண்ணையில் இருந்து கேட்பேன். அப்படிக் கேட்டுக் கேட்டு மனதில் கிடந்ததை எழுதுகிறேன்.

கற்சிலைமடு எங்களுக்குச் சைக்கிளில் போகிற தூரம். அங்கே வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் பற்றிய நினைவுக் கல்லில் ஆங்கிலத்தில் பொறித்தது ஒரேயொரு வசனம். இவ்விடத்துக்கு அருகில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்ரோபர் 31. சின்ன வயதில் அதை எழுத்துக்கூட்டி வாசித்தோம். சரி, எங்கள் வன்னியன் தோற்ற இடம் இதுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

ஆனால் அதே 1803ஆம் வருசம் ஆகஸ்ட் 25 அன்று பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தார். கோட்டையில் இருந்த ஆங்கிலேயப் படைக்குப் பொறுப்பாக இருந்தவர் இதே வொன் டிறிபேர்க்தான். அவரும் ஆட்களும் வள்ளங்களில் ஏறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போனார்கள். இதை மகள் வாசித்துச் சொன்ன அன்று எனக்கு நித்திரை வரவில்லை. ஆயிரம் தடவை அந்தக் கல்லைத் தாண்டிப் போயிருப்பேன். ஒரு நாளாவது, இதற்கு முதல் என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றவில்லையே! கல்லில் எழுதியது பொய்யில்லை, ஐப்பசியில் அந்தச் சண்டை நடந்ததுதான். ஆனால் ஆவணியை விட்டுவிட்டு ஐப்பசியை மட்டும் கல்லில் வெட்டினால், வாசிக்கிற பிள்ளைக்குத் தோல்வி மட்டும்தானே மிஞ்சும்?

மகளின் குறிப்புக் கொப்பியில் இன்னொரு வரி: “வன்னி மக்களின் கவனயீனத்தால் குளங்கள் பாழடைந்தன. ஆங்கிலேயர் அவற்றைப் புனரமைத்தனர்.” அந்தக் காலத்து அதிகாரிகளின் எழுத்தில் காடு, காய்ச்சல், சோம்பல் என்ற மூன்றும் திரும்பத் திரும்ப வரும். அதுதான் நூறு வருசம் தாண்டி என் மகளின் கொப்பிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

குளம் எப்படிப் பாழாகும் என்பது கமக்காரனுக்குத் தெரியும். மழைக்கு முதல் குளக்கட்டில் அரித்த இடங்களுக்கு மண் போட வேண்டும், தண்ணீர் திறந்துவிடும் துருசு பார்க்க வேண்டும், வாய்க்கால் வெட்ட வேண்டும். யாருக்கு எவ்வளவு வயலோ அவ்வளவு வேலை என்று, குளத்துக்கும் வயலுக்கும் பொறுப்பான வட்ட விதானை அளந்து விடுவார். வராதவனுக்குத் தண்டனையும் இருந்தது. 1832இல் ஆங்கில அரசு இராசகாரியத்தை ஒழித்தது. கட்டாய ஊழியம் போனது நல்லதுதான். ஆனால் குளத்து வேலைக்கு ஆளைக் கூப்பிடும் அதிகாரமும் அதோடு போயிற்று, அந்த இடத்தில் வேறொன்றை வைக்கவில்லை. பழைய வழக்கங்களுக்கு உயிர் கொடுக்க நெற்செய்கைச் சட்டம் கொண்டுவந்தது 1856இல். இடையில் 24 வருசம். இரண்டு மாரி கவனிக்காமல் விட்டாலே கட்டு எப்படி உடையும் என்பதை நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கண்ணால் பார்த்தோம். அதற்கு முந்திய சண்டைகளும் காய்ச்சலும் ஊர்களை ஏற்கெனவே வெறுமையாக்கியிருந்தன. இதையெல்லாம் விட்டுவிட்டுக் கவனயீனம் என்று ஒரே சொல்லில் எழுதுவது சரியா? 1902இல் தொடங்கி 1920இல் முடித்த இரணைமடுக் குளத்தை ஆங்கிலேயர் காலத்தில்தான் கட்டினார்கள், அதை நான் மறுக்கவில்லை.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தை மகள் வாசித்தபோது எழும்பி அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். காடாகவும் தரிசாகவும் கிடக்கிற காணியெல்லாம் முடிக்குரியது, இல்லையென்றால் நீ நிரூபி என்பது அதன் சாரம். சேனை வெட்டுகிறவன் ஒரு துண்டைச் செய்துவிட்டு அதைச் சில வருசம் ஆறவிடுவான். அந்த ஆறுகிற நிலம் சட்டத்தின் கண்ணுக்குத் தரிசு. 2009இல் எங்கள் அப்பாவின் காணி அனுமதிப் பத்திரம் தொலைந்தது. அதற்குப் பிறகு ஒரு அலுவலக மேசைக்கு முன்னால் நின்று, இது எங்கள் காணிதான் என்று நிரூபிக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால் அந்தச் சட்டம் எனக்குப் பழைய வரலாறாகப் படவில்லை.

அந்த அதிகாரிகள் எழுதிய புத்தகங்களை எரிக்கச் சொல்லவில்லை. சிவில் சேவை அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலில் எங்கள் ஊர்களையும் குளங்களையும் வழக்கங்களையும் பற்றி எவ்வளவோ இருக்கிறது. போரில் வீடும் பெட்டகமும் ஏடும் போன எங்களுக்கு அது பெரிய சொத்து. ஆனால் ஊரை ஆளவும் வரி எடுக்கவும் வந்த ஒருவர் எழுதியது என்ற நினைப்போடு வாசிக்க வேண்டும். எதை எண்ணினார், யாரிடம் கேட்டார், எங்கள் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? ஒல்லாந்தர் குறிப்பில் ஒரு வன்னியன் கீழ்ப்படியாதவன் என்று இருந்தால், அந்த வருசம் அவன் கட்ட வேண்டிய யானைத் திறையில் எத்தனை யானை குறைந்தது என்றும் பார்க்க வேண்டும்.

அதே கண்ணை எங்கள் பக்கமும் திருப்ப வேண்டும். பண்டாரவன்னியனைக் காக்கை வன்னியன் ஆங்கிலேயருக்குக் காட்டிக்கொடுத்த கதையை நாடகத்தில் பார்த்து அழுதவன் நான். அந்தக் கதைக்கு என்ன சான்று என்று மகள் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், கல்லைப் பார்த்து நான் கேட்டிருக்க வேண்டிய மாதிரிக் கேள்விதான் இது.

உங்கள் மாணவர் பக்கத்தில் மாதம் ஒரு தடவையாவது பழைய ஆவணம் ஒன்றின் பகுதியைத் தமிழில் போட்டு, அதன் கீழே பிள்ளைகளின் கேள்விகளையும் போடுங்கள். மகள் இப்போது லூயிஸின் புத்தகத்தில் எங்கள் பக்கத்துக் குளங்களின் பெயரை எழுதிக்கொண்டு போய், ஊர்க் கிழவிகளிடம் கேட்கிறாள். போன ஞாயிறு ஒரு அம்மம்மா அவளைப் பற்றைக்குள் கூட்டிப்போய், மூன்று மருதமரம் வரிசையாக நின்ற மேட்டைக் காட்டி, “இதுதான் பிள்ளை கட்டு” என்றாராம்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு கமக்காரன்