செயலாளரின் ஆண்டறிக்கை: வாடிய பவளங்களைத் தேடிப் போன ஓராண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒன்று தவிர எல்லாம் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். வழக்கமான செய்திகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். இந்த ஆண்டு சங்கத்தின் நேரமெல்லாம் ஒரே வேலையில் போனது. வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் பவளம் வாடுகிறது என்று யார் சொன்னாலும், இரண்டு மூன்று பேராக அவர் வீட்டுக்கே போய்த் தொட்டியைப் பார்ப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அப்படியே போனோம்.

முதலில் அழைத்தவர் நம் மூத்த உறுப்பினர்களில் ஒருவர். பகலில் விரல் விரலாக நீண்டு அசைய வேண்டிய அவருடைய ஹேமர் பவளம் கூட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. கூட்டின் விளிம்புகள் வெள்ளைத் தகடுகளாக வெளியே துருத்திக்கொண்டிருந்தன. நாள் தவறாமல் எழுதும் குறிப்பேட்டை எடுத்து வந்து காட்டினார். எல்லாப் பக்கத்திலும் உப்பளவு 35, அதாவது ஆயிரம் பங்கு நீரில் 35 பங்கு உப்பு. கால்சியம் குறைந்தது, மெக்னீசியம் குறைந்தது என்று இரண்டு மாதமாகத் தனித்தனிக் கரைசல் ஊற்றி ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களுக்கு உறுத்தியது அதுதான். பவளம் கூடு கட்ட எடுத்துக்கொள்வது பெரும்பாலும் கால்சியத்தையும் கார்பனேட்டையும். மெக்னீசியம் அவ்வளவு வேகமாகக் குறையாது. இரண்டும் கைகோத்து இறங்கினால் தொட்டி நீரே நீர்த்துப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உப்பளவு பார்க்கும் அவருடைய ரிஃப்ராக்டோமீட்டர் நன்னீரில் சரியாகச் சுழியம் காட்டியது. அதோடு விட்டிருந்தால் நாங்களும் ஏமாந்திருப்போம். 35 உப்பளவுக்கென்றே தயாரித்த அளவுக் கரைசலில் ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது நீலக்கோடு 39இல் நின்றது. அவர் 35 என்று எழுதிய நாளெல்லாம் தொட்டியில் இருந்தது ஏறக்குறைய 31. சிறிது நேரம் அவர் பேசவே இல்லை. கரைசல் ஊற்றுவதை நிறுத்தச் சொன்னோம். ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீர் விடாமல் உப்புநீர் விட்டு, நாளுக்கு ஒன்றுக்கு மேல் ஏறாதபடி மெல்ல உயர்த்தினார். ஹேமரின் ஒரு பக்கம் போய்விட்டது. மீதி இன்று விரிந்து நிற்கிறது.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் கருவியைச் சோதித்த பிறகே பவளத்தின் பக்கம் திரும்பினோம். வெப்பமானிக்கும், ஆல்கலினிட்டியை, அதாவது நீரிலுள்ள கார்பனேட்டின் அளவைப் பார்க்கும் சோதனைப் பெட்டிக்கும் இதே விதிதான்.

இளம் உறுப்பினர் ஒருவரின் தொட்டி வேறு வகை. தண்ணீர் படிகம் போல் இருந்தது. அக்ரோபோரா என்ற பவளத்தின் கிளை நுனி மட்டும் தீய்ந்தாற்போல் வெளுத்திருந்தது. ஆல்கலினிட்டி டி.கே.எச். என்ற அலகில் 11; ஊட்டங்களான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியம். இயற்கைக் கடலில் ஆல்கலினிட்டி 7ஐ ஒட்டியே இருக்கும். 11 என்ற அளவே தவறு என்று சொல்லமாட்டேன். ஊட்டம் போதுமான அளவு உள்ள தொட்டியில் பவளங்கள் அதைத் தாங்குகின்றன. ஊட்டமே இல்லாத நீரில் கூடு கட்டும் வேகத்துக்குச் சதையால் ஈடுகொடுக்க முடியாமல் நுனி கருகுவதைத்தான் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். சதைக்குள் குடியிருந்து பவளத்துக்குச் சோறு போடும் நுண்பாசிக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். 'சுத்தமான தண்ணீர்' என்று நாம் கூட்டங்களில் ஓயாமல் புகழ்ந்ததற்கு இதில் பங்கு உண்டு என்று வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். பாஸ்பேட் உறிஞ்சியை வெளியே எடுத்தார், மீன்களுக்கு உணவைக் கூட்டினார், ஆல்கலினிட்டியை நாளுக்கு அரை அளவு என்று 8க்கு இறக்கினார். சில வாரங்களில் கிளைகளில் நிறம் திரும்பியது.

புதிய எல்.இ.டி. விளக்கை முதல் நாளே முழு வெளிச்சத்தில் வைத்து வெளுக்கவிட்ட தொட்டிகளும் இருந்தன. பாதியில் தொடங்கிச் சில வாரங்களில் ஏற்றினால் போதும். தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கும் காந்தத் துடைப்பானின் உறை வெடித்து, உள்ளே துரு பிடித்து நீரில் கசிந்ததும் ஓரிடத்தில் கண்டோம்.

அடுத்ததை எழுதத்தான் கை தயங்குகிறது. உறுப்பினர்கள் பவளத் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் நம் பரிமாற்ற நாளுக்குப் பிறகு மூன்று வீடுகளில் மான்டிபோரா என்ற பவளத்தின் தட்டுகள் அடியிலிருந்து வெளுக்கத் தொடங்கின. நீரையும் விளக்கையும் சோதித்து நாள் கடத்தினோம். ஒரு தட்டைத் திருப்பிப் போட்டுக் கைவிளக்கில் பார்த்தபோதுதான் தெரிந்தது: சதைக்கும் வெள்ளை எலும்புக்கும் நடுவே அரிசிக் குருணை அளவில் வெண்ணிறக் கடல் நத்தைகள், பக்கத்தில் பொட்டுப் பொட்டாக முட்டைகள். மான்டிபோராவையே தின்று வாழும் ஓடில்லா நத்தை இது. மருந்து நீரில் முக்கினால் நத்தை உதிரும், முட்டை தப்பிவிடும். அதனால் முட்டை ஒட்டிய அடிப்பகுதியை வெட்டி எறிந்து, வாரம் ஒரு முறை என்று திரும்பத் திரும்ப முக்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் எல்லா மான்டிபோராவும் போயிற்று. பரிமாற்றத்தை ஏற்பாடு செய்தது சங்கம். அந்த உறுப்பினரிடம் சங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் பதிவாக வேண்டும். பாறையில் ஒட்டிப் பரவும் பாலிதோவா என்ற வேண்டாத உயிரியை ஒழிக்கப் பாறையை வெந்நீரில் கொதிக்கவைக்க ஒருவர் எண்ணினார். நல்லவேளையாக முன்பே கேட்டார். சில பாலிதோவாக்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிக்கும்போது எழும் ஆவியைச் சுவாசித்த குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கின்றன. கொதிக்கவைக்காதீர்கள், கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவும் வேண்டாம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் தீர்மானங்கள் மூன்று. பரிமாற்றத்துக்கு வரும் துண்டு எதுவும் ஆறு வாரம் தனித்தொட்டியில் இருந்த பிறகே கைமாறலாம். உப்பளவுக் கரைசலைச் சங்கமே தயாராக வைத்து ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் கருவிகளைச் சோதித்துத் தரும். உதவி கேட்கும் உறுப்பினர், நாங்கள் வரும்வரை எதையும் புதிதாக ஊற்றக்கூடாது. ஒரே நாளில் நீரை மாற்றி, விளக்கைக் குறைத்து, மருந்தும் விட்ட தொட்டிகளில் எது கெடுத்தது, எது காத்தது என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

விடுமுறை நாளையும் பாராமல் உடன் வந்த உறுப்பினர்களுக்கும், வாடிய தொட்டியைக் கூச்சப்படாமல் திறந்து காட்டியவர்களுக்கும் நன்றி. அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்