பன்னிரண்டு கூமுட்டை, நாலு குஞ்சு: ஒரு நன்றி மடல்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை எங்கள் வீட்டு முன்னறையில் ராத்திரி பூராவும் மஞ்சள் வெளிச்சம் தெரிந்ததே, அது என்ன என்று பலர் கேட்டீர்கள். சிலர் கேட்காமலே முடிவு கட்டிவிட்டீர்கள். விஷயம் இதுதான்: ஃப்ரிட்ஜில் இருந்த முட்டையைக் குஞ்சு பொரிக்க வைத்தோம். அதில் எங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

ஆரம்பித்து வைத்தது என் மகள். ஐந்தாம் வகுப்பு முடித்து லீவில் இருந்தவள், ஃப்ரிட்ஜைத் திறந்து முட்டைத் தட்டைப் பார்த்து, "இதுக்குள்ள குஞ்சு இருக்குமாப்பா?" என்றாள். இருக்காது என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டியிருக்கலாம். "வச்சுத்தான் பார்ப்போமே" என்று சொல்லித் தொலைத்தேன்.

பெட்டி செய்து கொடுத்த எலக்ட்ரீஷியன் தம்பிக்கு முதல் நன்றி. மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்காவிடம் கெஞ்சி வாங்கிய தெர்மகோல் பெட்டி அது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் வஞ்சிர வாடை போகவில்லை. அதில் இரண்டு நாற்பது வாட்ஸ் பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேன், சூடு ஏறினால் பல்பை அணைத்து இறங்கினால் போடும் ஒரு சர்க்யூட், ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். 37.5 டிகிரி வேண்டும் என்று மட்டும்தான் நான் சொன்னேன். சர்க்யூட் காட்டும் நம்பரை நம்பாமல், வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து அவராகவே ஒத்துப் பார்த்தார். ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் 21 நாளும் வீண். கூலி கேட்டதற்கு, "குஞ்சு வந்தா சொல்லுங்கண்ணே" என்று டீயோடு போய்விட்டார்.

அடுத்தது முக்குக்கடை அண்ணாச்சி. அவருக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. அவர் கடையில் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருந்த ஆறு வெள்ளை முட்டைதான் முதல் ஈடு. ஏழாம் நாள் ராத்திரி, அட்டையில் ஓட்டை போட்டு செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தோம். கரு இருந்தால் சிலந்தி கால் விரித்த மாதிரி ரத்த நாளங்கள் தெரிய வேண்டும். ஆறும் வெறும் மஞ்சள் வெளிச்சம். மறுநாள் கடைக்குப் போய், பழைய முட்டையைக் கொடுத்துவிட்டீர்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. "சார், இது நாமக்கல் லாரியில வாற முட்டை. அங்க கோழி கூண்டுக்குள்ளயே நிக்கும். சேவல் மூஞ்சியையே பாத்திருக்காது. அப்புறம் எப்படிக் குஞ்சு வரும்?" என்றார். சேவல் இல்லாமலே பெட்டைக்கோழி முட்டையிடும், அதில் உயிர் இருக்காது என்பது எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் முட்டை பழசு என்று குற்றம் சொல்லிவிட்டேன். அன்று கடையில் நின்றிருந்தவர்கள் முன்னால் பேசியதால் மன்னிப்பையும் உங்கள் எல்லார் முன்னாலும் கேட்கிறேன், அண்ணாச்சி.

புத்தி அப்போதும் வரவில்லை. ஒரு பெரிய கடையில் குளிர்பெட்டியில் இருந்த, மேலே நாட்டுக்கோழி முட்டை என்று போட்டிருந்த பழுப்பு முட்டை ஆறு வாங்கி வந்தேன். விலை இரண்டு மடங்குக்கும் மேல். ஏழாம் நாள் அதே மஞ்சள் வெளிச்சம். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. சேவல் சேர்ந்ததா என்பதை ஓடு சொல்லாது.

இதை விளங்க வைத்தவர் எதிர்வீட்டு மாடியில் தோழிகளோடு தங்கி, ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பெண். பரீட்சை நேரத்திலும் அரை மணி நேரம் எங்கள் சமையலறையில் நின்றார். அதே கடை முட்டை ஒன்றைத் தட்டில் உடைத்து, மஞ்சள் கருவின் மேல் இருக்கும் சின்ன வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். சேவல் சேராத முட்டையில் அது திட்டாக, ஓரம் கலைந்து இருக்குமாம். சேர்ந்திருந்தால் நடுவில் தெளிவும் சுற்றி ஒரு வளையமுமாக இருக்குமாம். கடை முட்டையில் வளையம் இல்லை. ஒரே ஒரு முட்டையை உடைத்துப் பார்த்திருந்தால் ஒரு வாரக் கரண்ட் மிச்சம்.

ஃப்ரிட்ஜ் பற்றி அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. சேவல் சேர்ந்த முட்டை வெளியே வரும்போதே அதற்குள் கரு ஆயிரக்கணக்கான உயிரணுக்களாகப் பிரிந்திருக்கும். சுமார் 20 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்று தூங்கும். 15 டிகிரி பக்கத்தில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரி அதிகக் குளிர். நாள் ஆக ஆக வாய்ப்பு குறையும், ஆனால் எல்லாமே செத்துவிடும் என்றில்லை. வெளியே எடுத்தவுடன் சூட்டில் வைத்தால் முட்டை வியர்க்கும், அந்த ஈரத்தோடு கிருமி உள்ளே போகும். அதனால் கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு ராத்திரி மேஜையில் வைத்துவிட்டு, அப்புறம் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்.

இனி ஆச்சி. வாய்க்கால் கரையோரம் கோழி வளர்க்கும் ஆச்சியைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் யாரும் இல்லை. போய் நின்றதும் கேட்ட முதல் கேள்வி, "எய்யா, சேவ மிதிக்காம குஞ்சு பொரிக்கப் பாத்தியாமே?" அண்ணாச்சி சொல்லியிருக்கிறார் போல. சிரித்து முடித்து, அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஐந்து முட்டை எடுத்துத் தந்தார். காசு வாங்கவில்லை. போன வாரம் சாப்பிடுவதற்காக அவரிடம் வாங்கிய நாலு முட்டை எங்கள் ஃப்ரிட்ஜில் ஐந்து நாளாக இருந்தன. அவற்றையும் வைத்தே ஆக வேண்டும் என்று மகள் ஒரே பிடிவாதம். பென்சிலால் அரிசிப் பானை முட்டைகளில் அ, ஃப்ரிட்ஜ் முட்டைகளில் ஃ என்று எழுதினாள். ஆய்த எழுத்துக்கு இப்படியும் ஒரு வேலை!

ஆச்சி வந்து பெட்டியைப் பார்த்தார். இடி இடித்தால் முட்டை கலங்கிவிடும் என்று ஓர் இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு வற்றல் மிளகாய், மூன்றையும் மூலையில் வைத்தார். மாடிப் பெண் அதைப் பார்த்துச் சிரித்தாலும் எடுக்கச் சொல்லவில்லை. எனக்கும் எடுக்கத் தோன்றவில்லை. மே மாதச் சாயங்கால இடியை நானும் கேட்டிருக்கிறேன்.

அடைக்கோழி அலகால் உருட்டுவதைப் போல, நாளுக்கு மூன்று முறை நாங்கள் திருப்பி வைத்தோம். மத்தியான முறை என் மனைவியுடையது. தன்னைப் பற்றி எழுதக் கூடாது என்று சொல்லியிருப்பதால் இதோடு நிறுத்துகிறேன்.

ஏழாம் நாள் டார்ச் அடித்தபோது அ-வில் நாலில் நாளங்கள், ஒன்று வெறுமை. ஃ-இல் இரண்டில் நாளங்கள், ஒன்று வெறுமை, ஒன்றில் சிவப்பு வளையம் மட்டும். கரு கொஞ்சம் வளர்ந்து செத்துப்போனதன் அடையாளமாம் அது. மகள் அன்று சாப்பிடவில்லை.

பன்னிரண்டாம் நாள் டிரான்ஸ்ஃபார்மர் போய் நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. அப்போது இன்வெர்ட்டரிலிருந்து மதிலுக்கு மேலே வயர் இழுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு மதினிக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது. தன் வீட்டு ஃபேனை நிறுத்திவிட்டுக் கொடுத்தார்.

18-ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டாக்கினோம். இருபதாம் நாள் ராத்திரி ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். காலையில் ஓர் அ முட்டையில் நட்சத்திரம் போல ஒரு விரிசல். மத்தியானம் ஆகியும் அது அப்படியே இருக்க, நான் நகத்தால் ஓட்டை எடுக்கப் போனேன். ஆச்சி கையில் ஓர் அடி வைத்தார். "தானா வரட்டும். நீ உரிச்சா ரத்தம் கொட்டும்." ஓட்டை ஒட்டிய சவ்வில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள் கரு முழுவதும் வயிற்றுக்குள் போகாமல் இருக்கும் என்று மாடிப் பெண்ணும் சொன்னார். இருவரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். ராத்திரி எட்டு மணிக்கு நனைந்த எலி மாதிரி ஒன்று வெளியே விழுந்தது. விடிவதற்குள் இன்னும் இரண்டு.

மூன்றுமே அ. மறுநாள் மத்தியானம், பெட்டியை மூடிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது ஃ ஒன்று ஓட்டை உடைத்தது. மீதி ஃ-உம் ஓர் அ-வும் கடைசிவரை அசையவில்லை. அவற்றை மகளும் ஆச்சியும் முருங்கை மூட்டில் புதைத்தார்கள்.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கோழிக்கழிச்சல் நோய் வராமலிருக்கக் கண்ணில் சொட்டு மருந்து போட்ட கால்நடை மருந்தக டாக்டருக்கும் நன்றி. ஒரு குப்பியைத் திறந்தால் உடனே பயன்படுத்திவிட வேண்டும் என்பதால், ஆச்சி வீட்டுக் குஞ்சுகளையும் ஒரே கூடையில் கொண்டுபோனோம்.

நாலும் இப்போது ஆச்சி வீட்டில். ஃ முட்டைக் குஞ்சு சேவலாகத்தான் இருக்கும் என்கிறார் ஆச்சி. மகள் அதற்கு ஆய்தம் என்று பெயர் வைத்திருக்கிறாள். தெர்மகோல் பெட்டி எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சர்க்யூட் மட்டும் எலக்ட்ரீஷியன் தம்பியுடையது, அதை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆணி ஆச்சியுடையது.